பத்து வயது ஜக்கெட்டுக்குள் ஆறு வயதுப் பிள்ளை

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

பத்தரை மணிக்கு எங்கள் வீட்டுக்கு யாரும் எடுப்பதில்லை. சொந்தக்காரருக்கு அது வேலை நேரம். கொழும்பிலிருந்து வருவதென்றால் விடியற்காலையில் வரும். கார்ப்பெட் கழுவித் தருகிறோம் என்கிறவர்கள் நாங்கள் சாப்பிட உட்காரும்போதுதான் எடுப்பார்கள். ஆகவே பத்தரை மணிக்கு அடித்தால்... பள்ளிக்கூடம்.

பள்ளிக்கூடம்தான்.

முதலாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஆரணியின் ரீச்சர், மிஸிஸ் பெல் பேசினார். "கவலைப்பட ஒன்றுமில்லை" என்று தொடங்கினார்.

உங்களைக் கேட்கிறேன். கவலைப்பட ஒன்றுமில்லை என்று தொடங்குகிற தொலைபேசி அழைப்பில் கவலைப்பட ஒன்றுமில்லாமல் இருந்தது எப்போதாவது உண்டா?

வியாழக்கிழமை பின்னேரம் ஒன்றே முக்காலுக்கு வர முடியுமா என்றார். ஆரணியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டுமாம். பிரின்சிப்பலும் இருப்பாராம்.

"ஷுவர்" என்றேன். "தாங்க்யூ" என்றேன். எதைப் பற்றி என்று மட்டும் கேட்கவில்லை. தொலைபேசியை வைத்த பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஆங்கிலத்திலேயே வந்தன. அதுவும் இலக்கணப் பிழை இல்லாமல்!

நான் பயந்த சுபாவம். பத்திரிகையில் என்னுடைய இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது புதிதல்ல. லிஃப்ட் இடையில் நின்றுவிடும் என்று பயந்து எட்டு மாடி படியில் ஏறியதைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு ஒரு வாசகி, "தங்கச்சி, நீர் கனடாவுக்குப் பிளேனிலைதானே வந்தனீர்?" என்று கேட்டுக் கடிதம் போட்டிருந்தார்.

குளிர்காலம் தொடங்கினால் என் பயத்துக்கும் சீசன் தொடங்கிவிடும். மற்ற வீடுகளில் ரீவியில் நாடகம் ஓடும். எங்கள் வீட்டில் இருபத்துநாலு மணி நேரமும் வானிலை சொல்லுகிற சானல் ஓடும். வெறும் குளிர் எவ்வளவு, காற்றோடு சேர்த்துக் குளிர் எவ்வளவு, திறந்த தோல் எத்தனை நிமிடத்தில் உறையும்... இதையெல்லாம் ஒரு மனுஷன் கோட் சூட் போட்டுச் சிரித்துக்கொண்டு சொல்லுவான். நான் குறித்து வைத்துக்கொள்வேன்.

குறித்து வைத்ததோடு நின்றேனா? இல்லை. கடிதம் எழுதினேன்.

நவம்பர் மாதக் கடைசியில், முதல் தரம் பனி வடிவாகக் கொட்டிய நாள் பின்னேரம், நான் சமைத்துக்கொண்டிருக்க, ஆரணி குசினி வாசலில் நின்று இரண்டு தரம் இருமினாள். "அம்மா, இருமுது" என்றாள். எனக்கு அது போதும். அடுத்த நாளே ரீச்சருக்கு ஒரு கடிதம். என் மகளுக்கு இருமல், தயவுசெய்து இடைவேளைக்கு வெளியே விட வேண்டாம்.

நாங்கள் படித்த பள்ளிக்கூடங்களில் லீவுக் கடிதத்துக்கென்று ஒரு முறை இருந்தது உங்களுக்குத் தெரியும். 'ரெஸ்பெக்டட் மேடம்' என்று தொடங்கி, 'ஐ ஷல் பி மச் ஒப்லைஜ்ட்' என்று முடிய வேண்டும். நான் ஒன்றும் குறை வைக்கவில்லை. கோடு போட்ட தாளில், நீல மையில், இடப்பக்கம் மார்ஜின் விட்டு எழுதினேன்.

இரண்டு நாளில் இருமல் நின்றுவிட்டது. கடிதம் நிற்கவில்லை.

ஏன் நிறுத்த வேண்டும்? மைனஸ் பன்னிரண்டில் பிள்ளையை வெளியே விட்டு, தடிமன் பிடித்து, அது நெஞ்சில் இறங்கி... வேண்டாம். காலையில் ஆரணிக்குத் தலை இழுத்துப் பின்னி முடிந்ததும் மேசையில் உட்கார்ந்து ஒரு கடிதம். பிறகு பிள்ளைக்கு உடுப்பு மாட்டி, கடிதத்தைப் பையில் வைத்து அனுப்பினால் எனக்கு ஒரு நிம்மதி. ஒரு கடமையைச் செய்த நிம்மதி. கிறிஸ்மஸ் லீவு கழித்து, ஜனவரி முழுக்க இதுதான் நடந்தது. பள்ளிக்கூடமும் ஒன்றும் கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை வரை.

தனியே இருந்தால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. சுகந்தியிடம் போனேன். சுகந்தி எங்கள் மாடியிலேயே மூன்று கதவு தள்ளி இருப்பவள். இரண்டு பெண்பிள்ளைகள். என்னைவிட நாலு வருடம் முந்திக் கனடா வந்தவள். ஆகவே நாலு வருடக் கதை என்னைவிடக் கூடத் தெரிந்தவள்.

"பிரின்சிப்பலும் இருப்பாவாமோ?" என்றாள்.

"ஓம்."

"அப்ப உது சின்ன விசயமில்லை."

"ஏன் சுகந்தி, அப்பிடிச் சொல்லுறீர்?"

"ரீச்சர் மட்டும் கூப்பிட்டால் படிப்பைப் பற்றிக் கதைக்க. பிரின்சிப்பலும் எண்டால் வீட்டைப் பற்றிக் கதைக்க."

சுகந்தி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு விசாரணையைத் தொடங்கினாள்.

"நீர் பிள்ளைக்கு அடிக்கிறனீரோ?"

"ஐயோ, இல்லை."

"கத்துறனீரோ?"

"...கொஞ்சம்."

"அதைச் சொல்லாதையும். ரெக்ஸ்டேலிலை ஒரு குடும்பம்... பிள்ளை பள்ளிக்கூடத்திலை ஏதோ வாய் தவறிச் சொல்லிப்போட்டுது. பிள்ளையளைப் பாதுகாக்கிற ஓபீஸிலை இருந்து ஆக்கள் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போட்டினம்."

"ஆர் அது?"

"எனக்குத் தெரிஞ்ச ஆளுக்குத் தெரிஞ்ச ஆள்."

ஒன்று கவனித்திருக்கிறேன். எங்கள் ஆட்களின் கெட்ட செய்திகள் எல்லாம் ரெக்ஸ்டேலில்தான் நடக்கின்றன. ரெக்ஸ்டேலில் இருப்பவர்களைக் கேட்டால், இல்லையில்லை, நாங்கள் இருக்கிற ஸ்காபரோவில் நடந்தது என்கிறார்கள். இதெல்லாம் இப்போது எழுதும்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. அன்றைக்கு என் கண் முன்னால் ஆரணியை யாரோ ஒரு காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டையும் வந்து பாப்பினமோ?" என்று கேட்டேன்.

"வந்தாலும் வருவினம். பிரிட்ஜைத் திறந்து பாப்பினமாம். அப்பிள் வாங்கி வையும். அப்பிளைக் கண்டால் அவைக்கு ஒரு நம்பிக்கை."

வாங்கினேன். ஒரு பை நிறைய. சிவப்பில் பாதி, பச்சையில் பாதி.

என் கணவர் பின்னேரம் நாலு மணிக்கு வேலையால் வந்தார். கோட்டைக் கழற்ற முதலே சொல்லிவிட்டேன்.

"எனக்கு லீவு தரமாட்டாங்கள்" என்றார். "நீர் போய்க் கேட்டுக்கொண்டு வாரும்."

"பிரின்சிப்பலும் இருப்பாவாம்."

"உம்மட இங்கிலிஸ் கடிதத்தைப் பாத்துட்டு உம்மை ரீச்சரா எடுக்கப்போறாங்கள் போல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. ஒரு காலில் சப்பாத்தோடும், சப்பாத்துக் கழற்றிய மற்றக் காலில் வெறும் மேசோடும் கனநேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். பிள்ளையைத் தயார்படுத்தத் தொடங்கினேன்.

"ஆரணிக்குட்டி, அம்மா அடிக்கிறவவோ எண்டு ஆரும் கேட்டால் என்ன சொல்லுவீங்கள்?"

"நோ."

"நோ எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. 'நெவர்' எண்டு சொல்லுங்கோ."

"நெவர்."

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"புட்டு."

"சீரியல் எண்டு சொல்லுங்கோ."

"பட் இட்ஸ் புட்டு, அம்மா."

"புட்டும் சீரியல் மாதிரித்தான்."

பிள்ளை என்னைப் பார்த்தது. அந்தச் சின்ன நெற்றியில் ஒரு கோடு. பிறகு மெல்லக் கேட்டாள்: "அம்மா, ஆம் ஐ இன் ட்ரபிள்?"

இல்லை என்றேன். அதற்குப் பிறகு அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. நான் ஊட்டியும் வாய் திறக்கவில்லை.

(ஓம், ஆறு வயதுப் பிள்ளைக்கு நான் இன்னும் ஊட்டுகிறேன். இதைப் படித்துக்கொண்டிருப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் அப்படி? கையைத் தூக்குங்கள். யாரும் பார்க்கவில்லை.)

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு இருபது நிமிடம் முந்தியே போய்விட்டேன். கல்யாண வீட்டுக்குப் போடுகிற கோட்டைப் போட்டிருந்தேன். கைப்பையில் ஆரணியின் தடுப்பூசி அட்டை, டொக்டரின் விலாசம், அவளுடைய பிறப்புப் பத்திரம். கேட்டால் கொடுக்க.

ஒன்றும் கேட்கவில்லை.

வகுப்பறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. முழங்கால் நெஞ்சில் முட்டுகிற சின்னக் கதிரைகள். உயரமான பிரின்சிப்பலும் அப்படியொரு கதிரையில்தான் உட்கார்ந்திருந்தார். மிஸிஸ் பெல் ஒரு ஃபைலைத் திறந்தார். உள்ளே என் கடிதங்கள். ஒன்றுவிடாமல், தேதிப்படி அடுக்கி.

"உங்கள் கையெழுத்து மிகவும் அழகு" என்றார் பிரின்சிப்பல்.

"தாங்க்யூ" என்றேன்.

மிஸிஸ் பெல் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "ஆரணிக்கு என்ன வருத்தம் என்று எங்களுக்குச் சொல்ல முடியுமா? நெஞ்சா? இருதயமா? தெரிந்தால் நாங்களும் கவனமாகப் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்குச் சொல்லக் கஷ்டமாக இருந்தால் டொக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கினாலும் போதும்."

அப்போதுதான் விளங்கியது. இவர்கள் என் பிள்ளையைப் பறிக்கக் கூப்பிடவில்லை. என் பிள்ளைக்குச் சொல்ல முடியாத பெரிய வருத்தம் ஏதோ இருக்கிறது என்று இரண்டு மாதமாகக் கவலைப்பட்டிருக்கிறார்கள்!

"வருத்தம் ஒன்றுமில்லை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "வந்துவிடக் கூடாது என்றுதான்..."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். சிரிக்கவில்லை.

"அப்படியென்றால் ஒன்று சொல்ல வேண்டும்" என்றார் மிஸிஸ் பெல்.

அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். காலை இடைவேளை, மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை, பின்னேர இடைவேளை. ஒரு நாளைக்கு மூன்று தரம் மற்றப் பிள்ளைகள் வெளியே ஓட, ஆரணி பள்ளிக்கூட ஓபீஸ் வாசலில் உள்ள நீள வாங்கில் உட்கார்ந்து படத்துக்கு நிறம் தீட்டுவாள். மற்றவர்கள் கன்னம் சிவந்து திரும்பி வருவார்கள். யார் யாரைத் தள்ளினது, யார் பனிக்கட்டியில் சறுக்கினது, யார் யாரோடு கோபம் என்று வகுப்புக்குள்ளும் அந்தக் கதைதான். ஆரணிக்கு அதில் ஒன்றும் தெரியாது. இரண்டு பேராகச் சேரச் சொன்னால் அவளை யாரும் கேட்பதில்லை. கெட்ட எண்ணத்தில் அல்ல... அவள் அங்கே இருப்பது அவர்களுக்கு ஞாபகம் வருவதில்லை.

"அவளுக்கு வகுப்பில் ஒருவரோடும் சண்டைகூட இல்லை" என்றார்.

டிசம்பர் றிப்போட்டில் 'மிகவும் அமைதியான பிள்ளை' என்று எழுதியிருந்தது. நான் அதைப் புகழ்ச்சி என்று நினைத்து சுகந்திக்குக் காட்டியிருந்தேன். அவளும் "பாத்தீரே, என்ரை ரெண்டும் இருக்குதுகளே" என்று பெருமூச்சு விட்டிருந்தாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதைவிட வேறு என்ன சேர்டிபிகேட் வேண்டும்? வாய் திறக்காத பிள்ளை நல்ல பிள்ளை. இங்கே அதை ஒரு ரீச்சர் கவலையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

குளிர்காலத்தில் பிள்ளைக்குச் சுகமில்லாமல் போவது மூக்காலும் நெஞ்சாலும் மட்டும் என்று நினைத்திருந்தேன். மற்ற வழிகளை அந்த வானிலை மனுஷன் சொன்னதில்லை.

அந்த நேரம் மணி அடித்தது. பின்னேர இடைவேளை.

"இன்றைக்கு விட்டுப் பார்ப்போமா?" என்றார் மிஸிஸ் பெல். என்ன சொல்வது? தலையாட்டினேன். மூன்று பேருமாக வெளியே வந்தோம்.

அந்த ஐந்து நிமிடத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வகுப்பறைகளுக்கு நடுவே நடக்கிற நீள ஓடை. இரண்டு பக்கமும் கொளுக்கிகளில் ஜக்கெட்டுகள். இருபத்தைந்து பிள்ளைகள் நிலத்தில் விழுந்து கிடக்கின்றன. ஸ்நோ பாண்ட்ஸை உட்கார்ந்தபடி இழுக்கிறது ஒன்று. பூட்ஸை மாற்றிப் போட்டு மாற்றிக் கழற்றுகிறது இன்னொன்று. ஒரு பெண்பிள்ளை ஜக்கெட்டைத் தலைகீழாக நிலத்தில் விரித்தாள்... தொப்பிப் பக்கம் அவளுடைய கால்மாட்டில். குனிந்து இரண்டு கையையும் ஜக்கெட்டின் கைக்குள் விட்டாள். தலைக்கு மேலால் ஒரு வீச்சு. ஜக்கெட் முதுகில்! ஓடிவிட்டாள். அத்தனை பிள்ளைக்கும் ஒரு ரீச்சர். அவரும் ஒருவருக்கும் ஒன்றும் மாட்டிவிடவில்லை. கதவடியில் நின்று, முன்னால் இழுத்துப் பூட்டாத சிப்பை மட்டும் சரி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆரணி தன் பாட்டில் ஓபீஸ் வாங்குக்குப் போகத் திரும்பினாள். மிஸிஸ் பெல் அவளைக் கூப்பிட்டு, நீயும் இன்றைக்கு வெளியே போகலாம், உடுத்திக்கொள் என்றார்.

என் மகள் என்னைப் பார்த்தாள். ரீச்சரைப் பார்த்தாள். தன்னுடைய ஜக்கெட்டுக்கு முன்னால் போய் நின்றாள். பிறகு இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினாள். சிப் ஏற வசதியாக நாடியைக் கொஞ்சம் மேலே தூக்கினாள்.

அப்படியே நின்றாள். சாத்துப்படிக்குக் காத்து நிற்கிற அம்பாளைப் போல.

காலையில் வீட்டில் அப்படித்தான் நிற்பாள். நான் சுற்றிச் சுற்றி வந்து எல்லாம் மாட்டிவிடுவேன். அவளுக்குக் கை நீட்டத் தெரியும். நாடி தூக்கத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டிய தேவை ஆறு வருடத்தில் ஒரு நாளும் வந்ததில்லை.

ஓடையில் எல்லாரும் போய்க்கொண்டிருந்தார்கள். அவளுக்கு மாட்டிவிட ஒருவரும் வரவில்லை. என் கை தானாக முன்னால் போனது.

"தயவுசெய்து வேண்டாம்" என்றார் மிஸிஸ் பெல். மெல்லத்தான் சொன்னார்.

ஆரணி ஜக்கெட்டை எடுத்தாள். அது போன வருடம் குளிர் முடியும்போது மலிவு விற்பனையில் நான் வாங்கியது. பத்து வயது சைஸ். வளர வளரப் போடலாம், அஞ்சாம் வகுப்பு வரைக்கும் பிரச்சினையில்லை என்று நானும் என் கணவரும் கடையிலேயே மெச்சிக்கொண்டோம். உங்கள் வீட்டிலும் அப்படியொன்று இருக்கும், எனக்குத் தெரியும். கை விளிம்பு அவளுடைய விரலையும் தாண்டி ஒரு சாண் தொங்கியது. சிப்பின் அடி முழங்காலுக்குக் கீழே. அதைப் பிடிக்கக் குனிந்தால் கை மறைகிறது, கையைச் சுருட்டினால் சிப் நழுவுகிறது. போதாததற்கு முதலில் மிற்றனைப் போட்டுக்கொண்டாள், ஏனென்றால் நான் வீட்டில் முதலில் அதைத்தான் போட்டுவிடுவேன். கை குளிரக் கூடாதே! விரல் பிரியாத கம்பளி மிற்றனோடு சிப் பூட்ட முடியுமா? பெரியவர்கள் நாங்கள் செய்து பார்ப்போமா?

மணி திரும்ப அடித்தது. பிள்ளைகள் உள்ளே வரத் தொடங்கினார்கள். ஆரணி ஒரு பூட்ஸோடு நின்றாள். அழவில்லை. அழுதிருக்கலாம்.

"முதல் பனி நாளிலும் இப்படித்தான் நடந்தது" என்றார் மிஸிஸ் பெல். "முழு இடைவேளையும் உடுத்தினாள். கதவடிக்குப் போகும்போது மற்றவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அடுத்த நாள் உங்கள் கடிதம் வந்தது. அன்றைக்கே நான் உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். என் பிழையும்தான்."

அந்த நாள் பின்னேரம்தான் என் மகள் குசினி வாசலில் நின்று இரண்டு தரம் இருமினாள்.

அது உண்மையான இருமலா? எனக்குத் தெரியாது. அவளைக் கேட்கவும் இல்லை. கேட்டால் என்ன சொல்வாளோ என்று பயம். வெட்கப்பட்டு வந்த பிள்ளை ஒரு ஒளிக்கிற இடம் கேட்டிருக்கிறாள். நான் இரண்டு மாதத்துக்கு அந்த இடத்தை நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

போகும்போது மிஸிஸ் பெல் ஒன்று கேட்டார். "நீங்கள் குளிர்காலத்தில் வெளியே போவதுண்டா?"

பிள்ளையைக் கொண்டுவந்து விடுவேன், கூட்டிக்கொண்டு போவேன் என்றேன். அதற்கு மேல் யோசித்துப் பார்த்தேன். சுகந்தி வீடு. அதற்குக் கோட் தேவையில்லை. மாதத்தில் ஒரு நாள் காலையில் பள்ளிக்கூட லைபிரரியில் தாய்மார் கூடித் தேத்தண்ணி குடிப்பார்களாம், வாருங்கள் என்றார். வாறன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கும் இப்போதே பயமாகத்தான் இருக்கிறது. அது வேறு.

வீட்டுக்கு வந்து சுகந்தியிடம் எல்லாம் சொன்னேன். அவள் ஒரு அப்பிளை எடுத்துக் கடித்தாள்.

"அப்ப பிள்ளையைப் பறிக்கேல்லை."

"இல்லை."

"ரெக்ஸ்டேல் கதை பொய்யாயும் இருக்கும்" என்றாள். பிறகு எழும்பித் தன் வீட்டுக்குப் போய், மூத்த மகள் இரண்டு வருடத்துக்கு முன் போட்ட ஊதா ஜக்கெட்டைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். "பொக்கெற் கிழிஞ்சது. சிப் நல்ல சிப். பழசு எண்டு முகத்தைச் சுளிக்காமல் போடும்."

சுளித்தேன். ஆரணி சுளிக்கவில்லை. போட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, ஐ ஹாவ் ஹேண்ட்ஸ்!" என்றாள்.

வெள்ளி, சனி, ஞாயிறு எங்கள் ஹோலில் பயிற்சி. முதலில் ஸ்நோ பாண்ட்ஸ். பிறகு பூட்ஸ். ஜக்கெட்டை விரித்துத் தலைக்கு மேலால் வீச்சு. முதல் வீச்சில் மேசை விளக்கு விழுந்தது. சிப். தொப்பி. கடைசியில் மிற்றன். என் கணவர் நேரம் பார்க்க மைக்ரோவேவில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு, வெறும் மைக்ரோவேவ் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆரணிக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. எனக்கு அதைவிடக் கஷ்டம். சும்மா நிற்க வேண்டும்! அந்தச் சிப்பின் முனை ஓட்டைக்குள் போகாமல் போகாமல் நழுவும்போது என் விரல்கள் என்ன பாடு பட்டன தெரியுமா?

"கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு நில்லும்" என்றார் இவர்.

"கட்டிக்கொண்டுதான் நிக்கிறன்."

"அப்ப ஏன் முன்னாலை வருது?"

சனிக்கிழமை பின்னேரம் சிப் மாட்டாமல் ஆரணிக்கு அழுகை வந்துவிட்டது. நான் பாய்ந்து குனிந்தேன். "டோண்ட் ஹெல்ப்!" என்று கத்தினாள். என் பிள்ளை என்னைப் பார்த்துக் கத்தியது அதுதான் முதல் தடவை. இவர் மைக்ரோவேவ் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மைக்ரோவேவ் அடிக்க முந்தி முடித்தாள். ஒரு தரம். அடுத்த தரம் முடியவில்லை.

திங்கட்கிழமை கடிதம் எழுதவில்லை. மைனஸ் ஒன்பது. காற்றோடு சேர்த்தால்... வேண்டாம், விடுங்கள்.

பிள்ளையை விட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வந்தேன். ஆனால் பத்தே காலுக்குத் திரும்பவும் போனேன். பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு பஸ் தரிப்பு இருக்கிறது. அங்கே நின்றால் விளையாட்டு வளவு முழுக்கத் தெரியும். பஸ்ஸுக்கு நிற்கிற ஆளைப் போல நின்றேன்.

பஸ் வந்தது. ட்ரைவர் கதவைத் திறந்தார். நான் தலையாட்டினேன். கதவை மூடிக்கொண்டு போனார்.

மணி அடித்தது. பிள்ளைகள் கொட்டுண்டு வந்தார்கள். சிவப்பு, பச்சை, நீலம். ஊதா இல்லை. ஒரு நிமிடம்... மூன்று நிமிடம்... ஊதா இல்லை. சிப் நழுவியிருக்கும். மிற்றனை முதலில் போட்டிருப்பாள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறாளோ? வீதியைக் கடந்து போய் ஓபீஸ் கதவைத் தட்டுவோமா? ஒரு காலை வீதியில் வைத்துவிட்டேன்.

கதவு திறந்தது. ஊதா.

தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது. சிப் பாதிதான் ஏறியிருந்தது. ஒரு கையில் மிற்றன் இருந்தது, மற்றக் கையில் இல்லை. கழுத்து முழுக்கத் திறந்து கிடந்தது. என் கண்ணுக்கு அந்தக் கழுத்து மட்டும்தான் தெரிந்தது.

ஆனால் வெளியே நின்றாள்.

சுவரோரமாகத்தான் நின்றாள். யாரும் வரவில்லை. அவளும் யாரிடமும் போகவில்லை. இரண்டாவது பஸ்ஸும் வந்து கதவைத் திறந்தது. நான் பின்னுக்கு நகர்ந்தேன். அது போய் மறைந்தபோது ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு ஜக்கெட் நின்றது. அந்தப் பிள்ளை ஏதோ சொன்னாள். ஆரணி ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் குனிந்து நிலத்தைப் பார்த்தார்கள். காலால் ஒரு பனிக்கட்டியைத் தட்டினார்கள். திரும்பத் தட்டினார்கள். அவ்வளவுதான். மணி அடித்தது. ஓடினார்கள்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஆரணிக்குத் தெரியாது. பின்னேரம் வீட்டுக்கு வரும் வழியில், ஒன்றும் தெரியாத ஆள் மாதிரிக் கேட்டேன்.

"இண்டைக்கு வெளியாலை போனனீங்களோ?"

"ஓம்."

"ஆரோடை நிண்டனீங்கள்?"

"கெய்ஷா."

"என்ன கதைச்சனீங்கள்?"

"நத்திங்."

"ஏதாவது கதைச்சிருப்பீங்கள்தானே?"

"ஒண்டுமில்லை அம்மா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. எனக்கல்ல.

இந்த ஆறு வருடத்தில் அவளுக்கு நடந்ததெல்லாம் எனக்குத் தெரிந்து நடந்தவை. எப்போது பசித்தது, எங்கே கடித்தது, யாரைக் கண்டு பயந்தது எல்லாம் தெரியும். அந்தப் பனிக்கட்டிக்கு முன்னால் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று மட்டும் தெரியாது. இனி இப்படி நிறைய வரும் என்கிறாள் சுகந்தி. நல்லதற்குத்தானா? நல்லதற்குத்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

இரண்டு தரம் கேட்டேன். மூன்றாம் தரம் கேட்கவில்லை. அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!